பல் மருத்துவம் தரம் பெற்ற வரலாறு

தையற்காரர் தைத்துக் கொடுத்த சட்டையைக் கண்ணாடி முன் நின்று அணிந்து பார்த்து, குறையிருந்தால் திருப்பிக் கொடுக்கலாம். தச்சர் செய்த நாற்காலியை அசைத்துப் பார்த்து அதன் உறுதியை அறியலாம். ஆனால் பல் மருத்துவர் அடைத்துத் தந்த கடைவாய்ப்பல்லை அதற்கு உரியவரே நேரில் காண இயலாது. சொத்தை முழுதும் நீக்கப்பட்டதா, அன்றிச் சொத்தையின் மேலேயே மருந்து பூசி மூடப்பட்டதா என்பதைச் சில திங்கள் கழித்து வரும் வலிதான் சொல்லும். குறட்டைப் பிடித்த கை தூய்மையானதா, முன்னிருந்த நோயாளியின் குருதி படிந்த கருவி கொதிநீர் கண்டதா என்பதும் அவருக்குத் தெரியாது.

வாயைத் திறந்து, கண்ணை மூடி, பிறர் கையில் தம்மை ஒப்படைக்கும் மனிதருக்குக் காப்பு எது? மேனாட்டார் இவ்வினாவுக்கு விடை காண ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் முயன்றனர். அம்முயற்சியின் பயனே இன்று மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நமக்குக் கிட்டியுள்ள பல் மருத்துவம். புதுப்புதுக் கருவிகள் வந்தமையால் மட்டும் அது தரம் பெற்றுவிடவில்லை. மருத்துவர் தம் செயலுக்குப் பிறர்முன் விடை சொல்லக் கடமைப்பட்டவர் என்னும் நிலை ஏற்பட்ட பின்னரே அது தரம் பெற்றது. அவ்வரலாற்றை ஈண்டு நோக்குவோம்.

நாவிதர் கையில் குறடு

தமிழகத்தின் சில பகுதிகளில் நாவிதரைப் ‘பரியாரி’ என்றும் ‘மருத்துவர்’ என்றும் அழைக்கும் வழக்கு உண்டு. கத்தியைக் கையாளத் தெரிந்தவரே கட்டியை அறுக்கவும் அறிந்தவராக இருந்த காலத்தின் எச்சம் அது. ஐரோப்பாவிலும் இந்நிலையே இருந்தது. இங்கிலாந்தில் 1540ஆம் ஆண்டு எட்டாம் ஹென்றி மன்னரின் ஆட்சியில் நாவிதரும் அறுவை மருத்துவரும் ஒரே சங்கமாக இணைக்கப்பட்டனர். நாவிதர் அறுவை மருத்துவம் செய்யலாகாது என்று அச்சட்டம் தடுத்தது. எனினும் பல் பிடுங்குவதற்கு மட்டும் விலக்களித்தது. பல் பிடுங்குதல் மருத்துவமாக மதிக்கப்படவில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை. 1745இல் அறுவை மருத்துவர் தனியே பிரிந்து சென்றனர். பல்லோ நாதியற்று நின்றது.

சந்தைகளிலும் திருவிழாக்களிலும் பல் பிடுங்குவோர் மேடையிட்டுத் தொழில் நடத்தினர். பிடுங்கிய பற்களை மாலையாகக் கோத்து அணிந்திருப்பர், மேளம் முழங்கும், நோயாளியின் அலறல் அம்முழக்கத்தில் அமுங்கிவிடும். மறுநாள் ஈறு வீங்கித் தாடை சீழ்பிடிக்குமாயின், அவரைத் தேடிச் செல்ல இயலாது. அதற்குள் அவர் அடுத்த ஊர்ச் சந்தையில் இருப்பார்.

பல்லைப் புழு அரிக்கிறது என்ற நம்பிக்கை அக்காலத்தில் உலகெங்கும் பரவியிருந்தது. நம்மவர் இன்றும் ‘பூச்சிப்பல்’ என்கிறோம். கண்டங்கத்திரி விதையை நெருப்பிலிட்டு, அப்புகையை வாயில் பிடித்துப் புழுவை வெளியேற்றுவதாகக் கூறும் வழக்கம் தமிழரிடையே இருந்தது. ஐரோப்பாவில் வேறொரு செடியின் விதையை இவ்வாறே எரித்தனர். சூட்டில் வெடித்து வெளிப்படும் விதையின் முளை சிறு புழுவைப் போல் தோன்றும். அதைக் காட்டி, ‘இதோ உம் பல்லில் இருந்த புழு’ என்று காசு பறித்தோர் பலர்.

மறைபொருளை வெளியிட்ட நூல்

இவ்விருளில் விளக்கேற்றியவர் பிரெஞ்சு நாட்டு அறுவை மருத்துவர் பியேர் போஷார். 1678இல் பிறந்த இவர் இளமையில் கடற்படையில் சேர்ந்து பணியாற்றினார். நெடுநாள் கடற்பயணத்தில் மாலுமிகளின் ஈறு அழுகிப் பற்கள் உதிர்வதைக் கண்டவர். பின்னர்ப் பாரிசு நகரில் பெயர் பெற்று விளங்கிய இவர், 1728ஆம் ஆண்டு ‘பல் அறுவை மருத்துவர்’ என்னும் பொருள்பட்ட பெயருடன் இரு தொகுதிகளில் பெருநூல் ஒன்றை வெளியிட்டார்.

அக்காலத்தில் பல் தொழிலின் நுட்பங்களைத் தந்தை மகனுக்கன்றிப் பிறருக்குச் சொல்லார். போஷார் தாம் அறிந்தவற்றையெல்லாம் அச்சிட்டு ஊரறியச் செய்தார். பல் அடைக்கும் முறை, வரிசை தவறிய பல்லைச் சீர்செய்யும் முறை, பொய்ப்பல் பொருத்தும் முறை ஆகியவற்றை விளக்கினார். பல்லில் புழுவைத் தாம் கண்டதில்லை என்றெழுதி அந்நம்பிக்கையை மறுத்தார். போலிகள் மக்களை ஏமாற்றும் தந்திரங்களை எடுத்துரைத்தார். நோயாளியைத் தரையில் அமர்த்தி, தலையைக் கால்களுக்கிடையே இடுக்கிப் பல் பிடுங்கும் வழக்கத்தைக் கண்டித்து, சாய்வுள்ள நாற்காலியில் அமர்த்தவேண்டும் என்றார். நோயாளியின் வசதியும் மானமும் மருத்துவத்தின் பகுதி என்ற எண்ணம் இங்கே வித்தாக விழுந்தது.

இந்நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1946இல்தான் வெளிவந்தது. மொழிபெயர்த்தவர் லிலியன் லிண்ட்சே அம்மையார். 1892ஆம் ஆண்டு இலண்டனில் பல் மருத்துவம் பயில இடங்கேட்டுச் சென்றபோது, பெண் என்பதால் அவரைக் கட்டடத்துக்குள் விடாமல் வாயிலுக்கு வெளியே நடைபாதையில் நிறுத்தியே பேசி அனுப்பினர். அவர் எடின்பரோ சென்று பயின்று, 1895இல் பிரிட்டனில் பல் மருத்துவத் தகுதி பெற்ற முதற் பெண்ணானார். மொழிபெயர்ப்பு வெளிவந்த அதே 1946இல் பிரிட்டிஷ் பல் மருத்துவச் சங்கத்தின் முதற் பெண் தலைவராகவும் அமர்ந்தார். தொழிலின் தரத்தைக் காப்பதாகச் சொல்லிக் கதவடைத்தவர்களைக் காட்டிலும், வெளியே நிறுத்தப்பட்டவரே அத்தொழிலின் மூலநூலைத் தம்மவர்க்கு ஈந்தார் என்பது எண்ணத்தக்கது.

கல்லூரியும் கலவைப் போரும்

நூல் மட்டும் இருந்தால் போதாது. அதைக் கற்பித்துத் தேர்வு வைக்கக் கல்லூரி வேண்டும். உலகின் முதற் பல் மருத்துவக் கல்லூரி அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1840இல் நிறுவப்பட்டது. ஹொரேஸ் ஹேடன், சேப்பின் ஹாரிஸ் என்னும் இருவர் அதற்கு அடிகோலினர். அதற்கு முந்திய ஆண்டில் பல் மருத்துவத்துக்கென்று தனி இதழும், கல்லூரி தோன்றிய ஆண்டிலேயே தனிச் சங்கமும் தோன்றின. கல்வி, இதழ், சங்கம் என்னும் மூன்றும் ஒருசேர அமைந்தமையால் தொழில் நிமிர்ந்து நின்றது.

ஆயினும் அச்சங்கம் விரைவில் ஒரு சோதனைக்கு உள்ளாயிற்று. 1833இல் குரோகூர் என்னும் குடும்பத்தார் நியூயார்க் வந்து, பாதரசமும் வெள்ளியும் கலந்த கலவையால் பல் அடைத்துத் தருவதாக ஆடம்பரமாய் விளம்பரம் செய்தனர். பொன்னால் அடைப்பதற்குப் பொருளும் பொழுதும் மிகுதியாக வேண்டும். இதுவோ மலிவு, சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஆனால் அவர்கள் சொத்தையைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே கலவையைத் திணித்தனர். பற்கள் கெட்டன. சினமுற்ற சங்கத்தார், இக்கலவையைப் பயன்படுத்தமாட்டோம் என்று உறுப்பினர் அனைவரும் உறுதிமொழியில் ஒப்பமிட வேண்டும் என 1845இல் விதித்தனர். மறுத்தோர் விலகினர், 1856இல் சங்கமே கலைந்தது.

இங்கே குற்றம் பொருளின்மீதா, செய்தவர்மீதா? சங்கத்தார் பொருளைக் குற்றவாளியாக்கினர். பின்வந்தோர் அப்பொருளை ஆராய்ந்தனர். கிரீன் வார்டிமன் பிளாக் என்னும் பேரறிஞர், எந்த உலோகத்தை எவ்வளவு சேர்த்தால் கலவை சுருங்காது, விரியாது என்பதை 1890களில் ஆய்ந்து காட்டினார். 1919இல் அமெரிக்கப் படைத்துறை, தான் வாங்கும் பல் அடைப்புக் கலவையைச் சோதித்துத் தருமாறு அந்நாட்டு அளவைத்தரத் துறையைக் கேட்டுக்கொண்டது. அதிலிருந்தே பல் மருத்துவப் பொருள்களுக்கு அளவுவிதிகள் வகுக்கும் பணி வளர்ந்தது. தன் கண்ணால் காண இயலாத அடைப்பின் தரத்தை நோயாளியின் சார்பில் ஆய்வுக்கூடம் சோதித்தது.

அக்கலவை ஏழை மக்களின் பல்லை நூறாண்டுக்கு மேல் காத்தது. பாதரசத்தால் சுற்றுப்புறத்துக்கு வரும் கேட்டை எண்ணி, 2013ஆம் ஆண்டின் மினமாட்டா உடன்படிக்கை அதன் பயன்பாட்டைக் குறைக்கும்படி நாடுகளைக் கேட்டுக்கொண்டது. அன்று நடந்தது பூசல். இன்று நடப்பது ஆய்வின்வழி முடிவு.

வலி நீக்கிய பெருமையும் பல் மருத்துவர்க்கே உரியது. அமெரிக்காவில் ஹார்ட்போர்டு நகரப் பல் மருத்துவர் ஹொரேஸ் வெல்ஸ் 1844 டிசம்பர் 11ஆம் நாள் நைட்ரஸ் ஆக்சைடு வாயுவை முகர்ந்து, தம் பல்லையே பிடுங்கச் செய்து சோதித்தார். பிறருக்குச் செய்யுமுன் தமக்கே செய்துகொண்ட அச்செயல் மருத்துவ அறத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு. மறு ஆண்டு பாஸ்டனில் அவர் நடத்திய சோதனை நோயாளி முனகியதால் ஏளனத்துக்கு உள்ளாயிற்று. 1846 அக்டோபர் 16இல் மார்ட்டன் என்னும் மற்றொரு பல் மருத்துவர் ஈதரைக் கொண்டு அதே நகரில் வெற்றி கண்டார்.

பெயருக்குக் காவல், தொழிலுக்குக் காவலில்லை

இனி இங்கிலாந்துக்கு வருவோம். நம் நாடுகளின் சட்டங்களுக்கு அதுவே முன்மாதிரி. அங்கே சர் ஜான் டோம்ஸ் முதலிய பெரியோரின் முயற்சியால் 1858இல் இலண்டன் சோகோ சதுக்கத்தில் பல் மருத்துவமனை ஒன்று தோன்றியது. 1860இல் அறுவை மருத்துவர் கழகம் பல் மருத்துவத்துக்குத் தனித் தேர்வு நடத்தத் தொடங்கியது. ஆனால் தேர்வு எழுதியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் எவருக்கும் இல்லை. நேற்றுவரை மருந்துக்கடையில் வேலை பார்த்தவர் இன்று குறடு வாங்கிப் பலகை மாட்டிக்கொள்ளலாம்.

1878ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டம் இதனைத் தடுக்க வந்தது. பதிவேடு ஒன்று திறக்கப்பட்டது. பதிவு பெறாதவர் ‘பல் மருத்துவர்’ என்று தம்மை அழைத்துக்கொள்ளலாகாது என்று விதிக்கப்பட்டது. ஆனால் சட்டம் காத்தது பெயரை மட்டுமே. பதிவு பெறாதவர் பல் பிடுங்கக்கூடாது என்று அது சொல்லவில்லை.

ஓட்டையைக் கண்டுகொள்ள நெடுநாள் ஆகவில்லை. ‘பல் மருத்துவர்’ என்று எழுதினால்தானே குற்றம்? ‘உயர்ந்த செயற்கைப் பற்கள் கிடைக்கும்’, ‘வலியின்றிப் பல் பிடுங்கப்படும்’, ‘ஆலோசனை இலவசம்’ என்று எழுதினால் எவர் தடுக்க முடியும்? இத்தகைய பலகை ஒன்று வழக்காகிப் பிரபுக்கள் சபைவரை சென்றது. 1910இல் அச்சபை, இது பட்டத்தைக் கையாண்டதாகாது என்று தீர்ப்பளித்தது. சட்டம் தனிமனிதரைத்தான் தடுக்கிறது என்பதைக் காட்டி, கூட்டு நிறுவனம் அமைத்துக்கொண்டு தொழில் நடத்தியோரும் இருந்தனர்.

இதனால் துன்புற்றவர் யார்? பொருள் படைத்தவர் பதிவு பெற்ற மருத்துவரிடம் சென்றனர். ஆலைத் தொழிலாளியும் அவர் மனைவி மக்களும் தெருமுனைப் பலகையை நம்பிச் சென்றனர். அங்கே காக்கக்கூடிய பல்லும் பிடுங்கப்பட்டது. பொய்ப்பல் விற்பதிலேயே ஆதாயம் மிகுதி.

முதல் உலகப் போரில் படைக்கு ஆள் எடுத்தபோது நாட்டு இளைஞரின் பற்கள் இருந்த நிலை அரசாங்கத்தின் கண்ணைத் திறந்தது. ஆக்லண்டு என்பவரின் தலைமையில் அமைந்த குழு 1919இல் அறிக்கை தந்தது. 1921இல் புதிய சட்டம் பிறந்தது. இம்முறை பெயரை மட்டுமன்றித் தொழிலையே சட்டம் காத்தது. பதிவு பெறாதவர் கூலிக்குப் பல் மருத்துவம் செய்வது குற்றமாயிற்று; ஒழுங்கைக் கண்காணிக்கப் பல் மருத்துவ வாரியம் அமைந்தது.

முறையாகப் பயிலாமல், ஆனால் நெடுங்காலம் தொழில் செய்து வந்தவர்களை என்செய்வது? அவர்களை அறவே தடுத்தால் ஏழைக்குக் கிட்டும் சிறு உதவியும் நின்றுபோகும். ஆகவே குறிப்பிட்ட ஆண்டுகள் தொழில் செய்தோரையும் பதிவேட்டில் ஏற்றனர். பட்டம் பெற்றோர் இதனை வெறுத்தனர். ஆனால் பதிவேட்டில் ஏறியவர் தவறு செய்தால் நீக்கப்படலாம். ஏறாதவரை யாரும் கேட்க முடியாது. இவ்வுண்மையை 1921இன் சட்டம் உணர்ந்திருந்தது. வாசலை ஒருமுறை அகலத் திறந்து, பின் இறுகச் சாத்தியது.

பொன்னுக்கு அடியில் அழுக்கு

பட்டமும் பதிவும் இருந்தால் மட்டும் தரம் வந்துவிடுமா? வாராது என்பதை உணர்த்தியது கிருமி ஆராய்ச்சி. அமெரிக்கரான வில்லபி மில்லர் பெர்லினில் ஆராய்ந்து 1890இல் வெளியிட்ட நூலில், வாயில் வாழும் நுண்ணுயிர்கள் உணவின் மாவையும் சர்க்கரையையும் அமிலமாக்குவதால் பல் கரைகிறது என நிறுவினார். புழுக் கதைக்கு இவ்வாறு முற்றுப்புள்ளி விழுந்தது.

1910இல் வில்லியம் ஹண்டர் என்னும் ஆங்கில மருத்துவர் கனடாவின் மான்ட்ரியல் நகரில் ஆற்றிய உரை பல் மருத்துவ உலகை உலுக்கியது. அழுகிய வேர்களின்மேல் பொன் மூடிகளும் பாலங்களும் கட்டி அழகு காட்டுகிறீர்கள்; அடியில் தேங்கும் சீழ் உடலெங்கும் நோயைப் பரப்புகிறது என்று அவர் சாடினார். சாடலில் உண்மை இருந்தது. வேரை ஊடுகதிர்ப்படம் எடுத்துப் பார்க்காமல் மூடி போடுவது தவறு என்ற உணர்வு வளர்ந்தது. ஆனால் விளைவு எல்லை கடந்தது. உடலில் தோன்றும் நோய்க்கெல்லாம் பல்லே காரணம் எனக் கருதி, நல்ல பற்களையும் கூட்டங்கூட்டமாகப் பிடுங்கும் வெறி சில பத்தாண்டுகள் நிலவியது. தரத்தின் பெயராலேயே தரங்கெட்ட செயல் நடந்தது. சான்று கேளாத நம்பிக்கை, மருத்துவரிடம் இருந்தாலும் கேடே.

தூய்மையின் பாடத்தை 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் மீண்டும் கற்க நேர்ந்தது. 1980களுக்கு முன் கையுறையின்றிப் பல் பார்ப்பதே பல நாடுகளில் வழக்கம். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் பல் மருத்துவர் ஒருவரிடமிருந்து நோயாளிக்கு எய்ட்ஸ் கிருமி தொற்றியிருக்கலாம் என்ற செய்தி 1990இல் வெளியாகி, உலகைத் திடுக்கிடச் செய்தது. ஒவ்வொரு நோயாளிக்கும் புதுக் கையுறை, ஒவ்வொரு கருவிக்கும் நீராவிக் கொதிகலனில் தூய்மை என்பன மீறலாகாத விதிகளாக உறுதிபெற்றன. நோயாளியைப் பார்த்து இவர் நோயுள்ளவர், இவர் நோயற்றவர் என்று மருத்துவர் ஊகிக்க வேண்டியதில்லை. எல்லாருக்கும் ஒரே காப்பு என்பதே அவ்விதியின் அடிப்படை.

நம் நாடுகளில்

சிங்கப்பூரில் ஏழாம் எட்வர்டு மன்னர் மருத்துவக் கல்லூரியில் 1929இல் பல் மருத்துவப் பிரிவு தொடங்கியது. மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் அதுவே முதல் நாற்றங்கால். ஆனால் அங்கிருந்து வெளிவந்தோர் சிலரே. தோட்டங்களிலும் கம்பங்களிலும் வாழ்ந்தோர் எண்ணற்றோர். அவர்களுக்கு வழி காட்டியது நியூசிலாந்து. அந்நாட்டில் 1921 முதல் இளம்பெண்களுக்குப் பயிற்சி தந்து, பள்ளிப் பிள்ளைகளின் பற்களைப் பேணும் தாதியராக அனுப்பி வந்தனர். அம்முறையைத் தழுவி 1949இல் பினாங்கில் பல் தாதியர் பயிற்சிப் பள்ளி எழுந்தது.

மருத்துவர் செய்யும் பணியில் ஒரு பகுதியைத் தாதியிடம் விடுவது தரத்தைக் குறைக்காதா என்ற ஐயம் நியாயமானதே. இதற்கு எல்லை வகுத்தலே விடையாக அமைந்தது. தாதியர் செய்யத்தக்கவை எவை, மருத்துவரிடம் அனுப்பத்தக்கவை எவை என்பது தெளிவாக வரையறுக்கப்பட்டது. மருத்துவரின் மேற்பார்வையும் இருந்தது. எல்லை தெரிந்து செய்யும் எளிய பணி, எல்லை அறியாமல் செய்யும் அரிய பணியினும் மேல். பள்ளிக்கூடத்திலேயே பிள்ளையின் பல் அடைக்கப்பட்டதால், வலி வந்தபின் பிடுங்குவது என்ற பழைய வழக்கம் வலுவிழந்தது.

குடிநீரில் சிறிதளவு புளோரைடு சேர்த்துச் சொத்தையைத் தடுக்கும் முறை அமெரிக்காவின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரில் 1945இல் தொடங்கியது. சிங்கப்பூர் 1950களின் பிற்பகுதியிலேயே அதனை மேற்கொண்டது. மலேசியா 1972இல் அதை நாட்டுக் கொள்கையாக்கியது. குழாய்நீர் சென்ற வீடெல்லாம், மருத்துவரைக் காணாதவரும் பயன் பெற்றனர்.

மலேசியாவின் 1971ஆம் ஆண்டுப் பல் மருத்துவச் சட்டம், பட்டம் பெற்றோருக்கு ஒரு பிரிவும், பட்டமின்றி முன்பே தொழில் செய்து பதிவு பெற்றோருக்கு மற்றொரு பிரிவும் கொண்ட பதிவேட்டை வைத்தது. இங்கிலாந்து 1921இல் கண்ட வழியின் சாயலை இதில் காணலாம். சிங்கப்பூரில் 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ப் பல் மருத்துவ மன்றம் பதிவையும் ஒழுக்கத்தையும் காக்கிறது. மலேசியாவின் 2018ஆம் ஆண்டுச் சட்டம் 2022இல் நடைமுறைக்கு வந்தது. பதிவின்றித் தொழில் செய்வோருக்கு 3,00,000 ரிங்கிட் வரை அபராதமும் 6 ஆண்டு வரை சிறையும் விதிக்க அதில் இடமுண்டு.

இத்துணைக் கடுமை எதற்கு என்று கேட்கலாம். சந்தை மேடையில் பல்மாலை அணிந்து நின்றவர் மறைந்துவிடவில்லை, உருமாறியிருக்கிறார். ஒளிப்படக் காட்சிகளைப் பார்த்துக் கற்றுக்கொண்டதாகச் சொல்லி, விடுதி அறையிலும் வாடகை வீட்டிலும் பிள்ளைகளின் பற்களில் போலிக் கம்பி மாட்டுவோர் அண்மைக் காலத்தில் மலேசிய நீதிமன்றங்களில் நிறுத்தப்பட்டுள்ளனர். வண்ணக் கம்பியின் அழகையும் குறைந்த விலையையும் கண்டு மயங்குவோர் பெரும்பாலும் மாணவரும் இளைஞருமே. பல்லைத் தாங்கும் எலும்பு எந்த அளவு அழுத்தத்தைப் பொறுக்கும் என்று அறியாதவர் இழுத்துக் கட்டினால், வரிசையாவதற்கு மாறாகப் பல் ஆடி விழும்.

ஆசிரியப் பெருமக்கள் இவ்வரலாற்றிலிருந்து மாணவர்க்கு எடுத்துச் சொல்லத்தக்கவை சில உள. பல் மருத்துவரின் பெயர் பதிவேட்டில் உள்ளதா, நடப்பாண்டுத் தொழிற்சான்று அவரிடம் இருக்கிறதா என்று கேட்பது மரியாதைக் குறைவன்று. பல்லைப் பிடுங்கச் சொன்னால் ஏன் பிடுங்கவேண்டும், காக்க வழியில்லையா என்று வினவலாம். செய்யப்போவது என்ன, செலவு எவ்வளவு என்பதை முன்னரே அறிந்துகொள்ளலாம். நல்ல மருத்துவர் இவ்வினாக்களுக்கு முகஞ்சுளியார். விடை சொல்வதற்காகவே அவர் பெயர் பதிவேட்டில் இருக்கிறது. வலியால் பேச முடியாத முதியவருக்கும் மொழி தெரியாமல் தயங்கும் தாய்க்கும் அவர்களுடன் செல்லும் படித்த பிள்ளை இவ்வினாக்களைக் கேட்டுத் தருமாயின், அப்பிள்ளை கற்ற கல்வி வீட்டுக்குப் பயன்பட்டதாகும்.